இரண்டு ஹம்பக்கரும் ஒரு ஜோடிக் காதும்

கிட்டார் பழுது பார்ப்பவளிடம் யாரும் ‘இது ரிப்பேர்’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘சத்தம் சரியில்லை’ என்றுதான் வருவார்கள். எந்தச் சத்தம், எப்படிச் சரியில்லை என்று கேட்டால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுவார்கள். தையல் கடை வைத்திருப்பவர்களும் முடி வெட்டுகிறவர்களும் இதைப் படித்தால் என் பாடு புரியும். ‘கொஞ்சம் என்னமோ மாதிரி இருக்கு’ என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்க்கிற சாதி நாம்.

மலைக்கோட்டைக்குக் கீழே, இரண்டு ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படி இருக்கிறது. அதன் உச்சியில் எங்கள் கடை. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் வைத்த சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் பிக்கப். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அது. ஒரே சுருள் இருந்தால் கரண்ட்டின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டு சுருளை எதிரெதிராகச் சேர்த்து வைத்தால் அந்த இரைச்சல் அடிபட்டுப் போகும். அதற்குப் பெயர் ஹம்பக்கர். கம்பெனிக்குக் கம்பெனி அதன் குரல் மாறும். எது நல்ல குரல் என்பதில்தான் எங்கள் பிழைப்பும் தலைவலியும்.

ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டும் சால்டரிங் எனக்குத் தெரியும், வாசிக்கத் தெரியாது. கூட இருக்கும் இருதயராஜ் அண்ணனுக்கு வாசிக்கத் தெரியும், சால்டரிங் அயர்ன் பக்கம் போகமாட்டார். முப்பது வருஷம் இன்னிசைக் குழுக்களில் வாசித்தவர். ஆக, இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு மெக்கானிக். ஒரே மாதிரி இரண்டு கிட்டாரில் ஒன்றுக்கு ஒன்றாக வெவ்வேறு ஹம்பக்கரை மாட்டி வைப்பேன். வாடிக்கையாளர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அண்ணன் ஒரே பாட்டை இரண்டிலும் வாசிப்பார். காதுக்கு எது பிடிக்கிறதோ அது அவருக்கு.

மீட்டர் சொன்னது

திருவெறும்பூரிலிருந்து ஞானசேகரன் சார் வந்தார். தொழிற்சாலையில் பெரிய பெரிய மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஓய்வு காலத்தில் சும்மா இருக்க முடியாமல் கிட்டார் கற்றுக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் சொந்த மீட்டர். கொண்டு வந்த இரண்டு ஹம்பக்கரையும் மேஜையில் வைத்து, சுருளின் மின்தடையை அளந்து காட்டினார். ஒன்று எட்டு கிலோ ஓம், இன்னொன்று பதினாறு. பதினாறு என்றால் இரண்டு மடங்கு நல்லது, அதை மாட்டிவிடுங்கள் என்றார். சுற்று அதிகமானால் சத்தம் கூடும், ஆனால் தெளிவு குறையும் என்று சொல்லிப் பார்த்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தார். கம்பிச் சுருளைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க நான் யார்.

இருந்தாலும் சுவரைப் பார்த்து உட்கார வைத்தோம். அண்ணன் மூன்று தடவை மாற்றி மாற்றி வாசித்தார். சார் ஒரு தாளில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். மூன்று தடவையும் எட்டுக்குத்தான் டிக். திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்து மறுபடி அளந்தார். மீட்டரின் பேட்டரியைக் கழற்றி மாட்டி, இன்னொரு தடவை அளந்தார். பிறகு மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “முப்பத்தி நாலு வருஷம் முள்ளு எங்க நிக்குதுன்னு மட்டும்தாங்க பாத்தேன். காதும் ஒரு மீட்டருதான்னு யாருமே சொல்லல.”

மௌன ஜெபம்

ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலக்கரைப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் பாடகர் குழுவுக்கு கிட்டார் வாசிப்பார். அவர் கிட்டாரில் ஒற்றைச் சுருள் பிக்கப். பாட்டு நடக்கும்போது ஒன்றும் தெரியாது. எல்லாரும் கண்ணை மூடி மௌனமாக ஜெபிக்கும் நேரத்தில்தான் ‘ம்ம்ம்ம்’ என்று ஆரம்பிக்கும். டியூப் லைட் பக்கம் திரும்பினால் இன்னும் கூடும். ஸ்டெல்லாதான் பக்தியில் முனகுகிறாள் என்று நினைத்து முன்வரிசைப் பெண்மணி ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். வால்யூமைக் குறைத்து வைத்தால் அடுத்த பாட்டுக்குக் கூட்ட மறந்துபோகிறது. இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் வாசிக்க வேண்டாம் என்றுகூட முடிவு பண்ணியிருந்தார்.

ஒற்றைச் சுருள் அளவிலேயே வரும் ஹம்பக்கர்கள் மூன்றைப் போட்டுக் கேட்டோம். அங்கே பாடுவது பெரும்பாலும் மெல்லிய குரல்காரர்கள் என்பதால், இருப்பதில் சாதுவானதை ஸ்டெல்லா தேர்ந்தெடுத்தார். அடுத்த ஞாயிறு மதியம் கோயில் ஃபாதரே போன் செய்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன். சொல்லவும் செய்தார். கூடவே இதையும் சொன்னார்: “இப்ப ஒரே நிசப்தம்மா. நாலாவது ஃபேன் கீச்சு கீச்சுன்னு கத்துறது இன்னைக்குத்தான் எல்லாருக்கும் கேட்டுது, அதையும் நீங்களே வந்து பாத்துடுங்க.”

என் தப்பு

தொழிலில் தப்பு செய்யாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்ற எல்லாரும் கூட வாருங்கள். உப்பிலியபுரத்தில் மரவள்ளியும் வெங்காயமும் போடும் பழனிவேல், திருவிழாக் காலத்தில் ஒரு இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவர். அவருக்கு இரண்டு கம்பெனிகளின் ஹம்பக்கரை ஒவ்வொன்று மாட்டிக் கொடுத்தேன். அவர் போய் இரண்டு நாள் கழித்து அதில் ஒரு கம்பெனியின் பெட்டியைப் பிரித்தபோதுதான் கவனித்தேன். இந்தக் கம்பெனியில் ஒயர் நிறங்கள் வேறு. பழக்கதோஷத்தில் ஒன்றைத் தலைகீழாக இணைத்திருக்கிறேன். அப்படியானால் இரண்டையும் சேர்த்துப் போடும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். கனமெல்லாம் போய், ஜலதோஷம் பிடித்தவர் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு சத்தம்தான் மிஞ்சும். போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அவர்கள் ஊர்த் திருவிழா அந்த வாரம்தான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சால்டரிங் அயர்னைப் பையில் போட்டுக்கொண்டு துறையூர் பஸ் ஏறி, அங்கே மாறி, உப்பிலியபுரம் போய் இறங்கினேன். வயலில் இருந்தார். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். வீட்டுக்கு அழைத்துப் போய் டீ கொடுத்தார்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டே தப்பை ஒத்துக்கொண்டேன். அவரும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழுவில் இரண்டு கீபோர்டு, டிரம்ஸ், பேஸ் எல்லாம் உண்டு. கனமான சத்தம் எல்லாம் அவர்களுடையது, அதற்கு அடியில் கிட்டார் எப்போதும் புதைந்து கிடக்கும் என்று பழனிவேல் விளக்கினார். இந்த மூக்குச் சத்தத்தால்தான் இந்தத் திருவிழாவில் அது மேலே வந்ததாம். பத்து நிமிஷத்தில் சரி செய்துவிடுகிறேன் என்று நான் அயர்னை வெளியே எடுத்ததும், கிட்டாரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “தப்பா இருந்தா தப்பாவே இருக்கட்டுங்க. கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருஷத்துல இப்பத்தான் நான் வாசிக்கிறது இவ காதுல விழுந்திருக்கு.”

உத்தர வீதியில் ஒரு மதியம்

ஸ்ரீரங்கத்தில் வரதராஜன், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். எலெக்ட்ரிக் கிட்டாரில் பாசுரம் வாசிப்பது அவருடைய ஆசை. கம்பியை இழுத்துச் சுரத்தை அசைத்துக் கமகம் கொடுக்கும்போது சுரம் நடுங்குகிறது, வேறு ஹம்பக்கர் வேண்டும் என்று அழைத்தார். உத்தர வீதியில் அவர் வீட்டுக்கே நானும் அண்ணனும் ஐந்து ஹம்பக்கர்களோடு போனோம். அண்ணனுக்குக் கமகம் வராது. வரதராஜனேதான் வாசிக்க வேண்டும். வாசிக்கிறவரே எப்படிச் சுவரைப் பார்த்து உட்கார முடியும்? எது மாட்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது, உடனே அபிப்பிராயமும் வந்துவிடுகிறது. ஒன்று சாத்தமுது மாதிரி தெளிவாக இருக்கிறதாம், இன்னொன்று திருக்கண்ணமுது மாதிரி. ரசத்தையும் பாயசத்தையும் அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். சாப்பிடாமல் போயிருந்த எனக்கு எல்லாமே நன்றாக இருந்தது.

இரண்டு மணி நேரம் ஆகியும் நடுக்கம் போகவில்லை. கடைசியில் அவருடைய பழைய ஹம்பக்கரையே திரும்ப மாட்டினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்போதுதான் உறைத்தது. காந்தம் கம்பிக்கு மிக அருகில் இருந்து அதைப் பிடித்து இழுக்கிறது. ஸ்குருவை இரண்டு சுற்று இறக்கி, மறுபடி வாசிக்கச் சொன்னேன். உள்ளே தளிகை வேலையாக இருந்த அவர் மனைவி வைதேகி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார். அவர் பாட்டு சொல்லிக் கொடுப்பவர். பாசுரம் முடிகிற வரை அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “இத்தனை நாழி கிட்டார் கேட்டுது. இப்போதான் பாசுரம் கேட்டுது. இதுக்கு மேல எதையும் தொடாதீங்கோ.”

அண்ணன்

போன மழைக்காலத்தில் ஒரே மாதத்தில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். சத்தம் ஊசி மாதிரி குத்துகிறது என்று மூன்று பேரும் சொன்னார்கள். மூன்று பேரும், ‘உங்களுக்கு எது பிடிக்குதோ அதையே போடுங்க’ என்று அண்ணனிடம் விட்டவர்கள். முன்பெல்லாம் அவர் கனிந்த குரலைத்தான் தேர்ந்தெடுப்பார். யோசித்துப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரில் கீச்சுச் சத்தத்துக்கான திருகை நான் பாதியில் வைப்பேன். அவர் வாசித்துவிட்டுப் போனபின் அது முழுக்கத் திறந்திருக்கும். என் போன் அவர் பக்கத்திலேயே அடித்தாலும் கவனிப்பதில்லை. ஒருநாள் அவரிடம் சொல்லாமல் மிகக் கூர்மையானது ஒன்றையும் மந்தமானது ஒன்றையும் மாட்டி வாசிக்கச் சொன்னேன். இரண்டும் ஒன்றுதானே என்றார். அப்படிச் சோதித்ததற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தவித்தேன். கடைசியில், காதை ஒரு தடவை காட்டிவிட்டு வரலாமா அண்ணே என்று மட்டும் கேட்டேன். கிட்டாரைத் துடைத்து மாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் டாக்டர் கொடுத்த தாளோடு வந்தார். அதில் ஒரு கோடு நேராகப் போய், கீச்சுச் சத்தங்கள் தொடங்கும் இடத்தில் சரிந்து விழுந்திருந்தது. மேடையில் முப்பது வருஷம் டிரம்ஸின் தாளத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றதன் பலன். கேட்காதவன் வாசித்து என்ன ஆகப்போகிறது, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றார். உங்களுக்கு வேறு காது வாங்கலாம், எனக்கு வேறு ஆள் கிடைக்காது என்றேன். காது மெஷின் போட்டால் கிழவன் என்பார்கள் என்று ஒரு மாதம் இழுத்தடித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மெஷினைப் போட்டுக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கிட்டாரை எடுத்தார். நாலு சுரம் வாசித்தார். நிறுத்தினார். இடது கை விரல்களைக் கம்பியில் மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். விரல் உரசும் சத்தம் சர் சர் என்று வந்தது. மறுபடி இழுத்தார். கண் நிறைந்துவிட்டது. நான் ஒயரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அன்று மாலைக்குள் அந்த மூன்று பேருக்கும் போன் போட்டு வரவழைத்து, ஹம்பக்கர்களை அவரே கேட்டு மாற்றிக் கொடுத்தார். அதற்கெல்லாம் முன்னால், அந்தக் காலையில், கிட்டாரை மடியிலிருந்து இறக்காமலே என்னிடம் கேட்டது இதுதான்: “இத்தனை வருஷமா விரல் இப்படியா உரசிக்கிட்டு இருந்துச்சு? நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல சித்ரா.”

ஹம்பக்கரை மாற்ற எனக்கு அரை மணி நேரம் போதும், மாறியது நல்லதுக்குத்தான் என்று எதிரில் இருப்பவர் ஒத்துக்கொள்ளத்தான் அவரவர் வசதிப்படி பத்து நிமிஷத்திலிருந்து ஒரு மாதம் வரை ஆகிறது.