கண்ணாடிப் பெட்டிக்குள் இடியப்ப உரல்

ஜெர்மனியில் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில் ஒரு மாளிகை இருக்கிறது. இங்கிலாந்தின் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வீடுகளைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு பண்ணையார் கட்டியது. இப்போது ஊர் வரலாற்று அருங்காட்சியகம். அது இடிந்து விழுந்தாலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன்.

காரணம் எங்கள் இடியப்ப உரல். அகதி விடுதியில் உடைந்துபோன கட்டில் காலைச் செதுக்கி அப்பா அம்மாவுக்குச் செய்துகொடுத்தது. அப்பா போன பிறகு அதை அம்மா வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. அப்படிப்பட்டவரிடம் அருங்காட்சியகப் பொறுப்பாளரான பெண்மணி வீடு தேடி வந்து, தேனாகப் பேசி, கண்காட்சிக்கு இரவல் வாங்கிப் போனார்.

கண்காட்சி முடிந்தது. உரல் வரவில்லை. கேட்கப் போனோம். பண்ணையார் வீட்டு வெள்ளிக் கரண்டிகளுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது.

"இது இப்போது எங்கள் சேகரிப்பு. உங்கள் சமையலறையைவிட இங்கே பத்திரம். வேண்டுமென்றால் அன்ட்ராக் எழுதி அனுப்புங்கள், பிறகு டெர்மின் எடுத்து வாருங்கள்" என்றார் அந்தப் பெண்மணி. அன்ட்ராக் என்றால் விண்ணப்பம், டெர்மின் என்றால் முன்கூட்டியே வாங்கும் சந்திப்பு நேரம். அம்மா கண்ணாடியில் கை வைத்தார். "தொடாதீர்கள்!"

இவளை விடுவதில்லை என்று அங்கேயே கறுவிக்கொண்டேன்.

கோடை விழா வந்தது. நானும் தேனாகப் பேசினேன்: விருந்தினருக்கு அம்மா அதே உரலில் இடியப்பம் பிழிந்து காட்டுவார். பத்திரிகைக்காரர் வருவார்கள் என்றதும் பெண்மணி குளிர்ந்துபோனார். வெள்ளைக் கையுறை போட்டுத் தானே பெட்டியைத் திறந்தார். அம்மா மாக் குழைத்துப் பிழிந்தார். கூட்டம் கைதட்டியது. பெண்மணி சொதி விட்டு ஒரு பிடி பிடித்தார். பிறகு, மா அப்பியிருந்த உரலை வாங்கக் கையுறைக் கைகளை நீட்டினார்.

"இப்பிடியே வைச்சால் பூஞ்சணம் பிடிக்கும். கழுவிக் காயவைக்க வேணும் எண்டு சொல்லு பிள்ளை" என்றார் அம்மா.

சொன்னேன். பக்கத்திலிருக்கும் பழைய பட்டுத் துணிகளுக்கும் பரவும் என்று நானாகச் சேர்த்தேன். பெண்மணி வெலவெலத்துப்போய், நாங்கள் உரலோடு வெளியேற வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் இனிக்கிறது.

அடுத்த வாரம் தொலைபேசியில் அவர்தான். உரலை எப்போது கொண்டு வருவீர்களாம்.

அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அன்ட்ராக் எழுதட்டாம். பிறகு டெர்மின் எடுத்துக்கொண்டு வரட்டாம். வந்து பாக்கலாம், தொட ஏலாது எண்டும் சொல்லு."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.