கதவு திறந்தால் நிற்கும் இயந்திரம்

இன்று காலை கடையைத் திறந்து, பழுதுக்கு வந்திருந்த ஸ்டெபிலைசர் ஒன்றை இணைப்பில் போட்டபோது சூடேறிய தூசியின் வாசனை வந்தது. உங்களுக்கும் தெரிந்த வாசனைதான். பல மாதம் போடாமல் வைத்திருந்த பழைய டிவியைப் போட்டால், படம் வருவதற்கு முன்னால் வருமே, அது. எனக்கு அது மூக்கில் பட்டவுடன் முதுகு நிமிர்ந்துவிடும். வேலைக்கு நேரமாகிவிட்டது, மாடியில் பதினொரு விளையாட்டு இயந்திரங்களும் ஓடத் தொடங்கிவிட்டன, நான் மட்டும் தாமதம் என்று ஒரு பதற்றம். அந்த மாடியில் இப்போது பல் மருத்துவமனை இருக்கிறது. பதினொன்றில் பத்து எங்கே போயின என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் ஜவ்வாது மலையில் என்னோடு வேலை செய்த ஏழுமலையின் வீட்டில் இருக்கிறது. அதற்குக் கிரீஸ் வைப்பவன் நான்.

நான் எதையும் எழுதி வைக்கிறவன். பெட்ரோல் போட்ட நாள், மழை பெய்த நேரம், யார் வீட்டு யூ.பி.எஸ்.ஸில் என்ன பழுது, எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு. கழற்றிய திருகாணிகளைக் காலியான மாத்திரை அட்டையின் குழிகளில், கழற்றிய வரிசையிலேயே போட்டு வைப்பேன். "இந்த வூட்ல நம்பர் போடாத சாமான் நான் ஒருத்திதான்" என்பாள் என் மனைவி. சொல்வது நியாயம்தான். இப்படிப்பட்டவனுக்கு எதுவும் தவறாது என்று எல்லோரையும் போல நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

வேலூரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது அந்த விளையாட்டுக் கூடம். எனக்கும் ஏழுமலைக்கும் அதுதான் முதல் வேலை. நான் கலசப்பாக்கத்திலிருந்து போனவன், அவன் மலையிலிருந்து இறங்கி வந்தவன். இயந்திரங்களைப் பழுது பார்ப்பது இருவருக்கும் வேலை. பெரும்பாலானவை நின்றுகொண்டு விளையாடும் பெட்டிகள். ஒன்று மட்டும் அசையும். சிவப்பு நிறத்தில் பந்தயக் காரின் முன்பாதி போல ஒரு கூண்டு, உள்ளே ஒரு இருக்கை, எதிரே பெரிய பிக்சர் டியூப். திரையில் கார் வளைவில் திரும்பினால் கூண்டும் சாயும், பள்ளத்தில் விழுந்தால் கூண்டும் குலுங்கும். கூண்டுக்கு அடியில் இரண்டு மோட்டார்கள், இரும்புக் கைகள், பெல்ட்டுகள். ஏழுமலை அதற்குக் கழுதை என்று பெயர் வைத்திருந்தான்.

"கழுத இன்னிக்கு இடது கால நொண்டுதுப்பா" என்பான் காலையில் வந்ததும். நான் நோட்டைப் புரட்டி எந்த பெல்ட் எப்போது மாற்றினோம் என்று தேடுவேன். அதற்குள் அவன் ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவான். "பேரிங்கு அழுவுது" என்பான். கழற்றிப் பார்த்தால் பேரிங்தான். "நீ எழுதி முடிக்கறதுக்குள்ள நான் ரிப்பேர் பண்ணிட்டு டீ குட்ச்சிட்டு வந்துருவேன்" என்று அவன் சொல்வதையும் ஒருமுறை நோட்டில் எழுதி அவனிடமே காட்டியிருக்கிறேன். எங்கள் இருவரில் நல்ல மெக்கானிக் அவன். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மறைத்தது வேறொன்று.

அந்தக் கூண்டின் பின்புறம், தரையை ஒட்டி, மேல்நோக்கித் தூக்கும் இரும்புக் கதவு ஒன்று உண்டு. அதைத் தூக்கி ஒரு கம்பியால் முட்டுக் கொடுத்துவிட்டு, படுத்துக்கொண்டுதான் மோட்டாரைத் தொட முடியும். கதவு வந்து அமரும் சட்டத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு ஸ்விட்ச். கதவு திறந்தால் மோட்டாருக்கு மின்சாரம் போகாது, மேலே இருக்கும் பச்சை விளக்கு அணைந்துவிடும். இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் கதவைத் தூக்க வேண்டும் என்பது முதலாளி போட்ட விதி. மெயினை அணைத்தால் விளையாட்டு மறுபடி எழுந்து வர நான்கு நிமிடம் ஆகும். கூட்ட நாட்களில் அந்த நான்கு நிமிடத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள். ஆகவே நாங்கள் இருவரும் கதவை மட்டும் தூக்குவோம். பச்சை அணைகிறதல்லவா, போதும்.

ஒரு பொங்கல் விடுமுறையில் அந்த ஸ்விட்சின் ஸ்பிரிங் தளர்ந்துபோனது. கூண்டு குலுங்கும்போதெல்லாம் கதவு அதிர்ந்து, பாதி ஆட்டத்தில் மோட்டார் நின்றது. டோக்கனைத் திருப்பிக் கேட்டார்கள். புது ஸ்விட்ச் வாங்கக் கடைகள் திறந்திருக்கவில்லை. நான் ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு கம்பியால் சேர்த்துவிட்டேன். அதன் பிறகு கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் போகும். 'கதவு ஸ்விட்ச் மாற்ற வேண்டும்' என்று நோட்டில் எழுதினேன். அடிக்கோடும் போட்டேன். ஏழுமலை மதியம்தான் வேலைக்கு வந்தான். அவனிடம் சொல்லவில்லை. வேறொரு பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

மாலையில் ஒருவருடைய சாவிக்கொத்து கூண்டின் இடுக்கில் விழுந்துவிட்டது. ஏழுமலை கதவைத் தூக்கி, படுத்து, கையை விட்டான். படுத்துக் கிடப்பவனுக்கு மேலே இருக்கும் பச்சை விளக்கு தெரியாது. வரிசையில் அடுத்து நின்றவர் ஏறி உட்கார்ந்து டோக்கனைப் போட்டுவிட்டார். வலது கையில் மூன்று விரல்கள் போயின. அவன் சத்தம் போட்டானா என்று எனக்கு நினைவில்லை. பாட்டுச் சத்தம் அதிகமாக இருந்தது.

அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கூடத்தைப் பூட்ட நின்றேன். தரையைக் கழுவினேன். பிறகு ஸ்விட்சில் நான் வைத்திருந்த அந்தத் துண்டு கம்பியை எடுத்துவிட்டேன்.

எடுக்க வேண்டும் என்று யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்ததாகவும் சொல்ல முடியாது. மறுநாள் முதலாளி வந்து கதவைத் தூக்கிப் பார்த்தார், பச்சை அணைந்தது. முட்டுக் கம்பியைச் சரியாக நிறுத்தாமல் கையை விட்டிருக்கிறான், கதவு அவன் தோள்மேல் விழுந்து ஸ்விட்சை அழுத்திவிட்டது, மெயினையும் அணைக்கவில்லை என்று முடிவுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் ஏழுமலையும் அதையே சொன்னான். "ஆமாங்க. என் கவனக்கொறைவுதாங்க." கதவு விழுந்ததா என்று அவனுக்கே நினைவில்லை. நான் பக்கத்தில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். விபத்து நடந்த நாளின் குறிப்பில் 'வெயில். மாலையில் கூட்டம்' என்று மட்டும் இருக்கிறது.

கை ஆறியதும் ஏழுமலை மலைக்குத் திரும்பிவிட்டான், நானும் ஊருக்கு வந்து கடை போட்டேன். சில வருடங்களில் கூடத்தை மூடினார்கள். மற்றவற்றை வாங்க ஆள் வந்தது, ரத்தம் பார்த்த இயந்திரத்தை வாங்க ஆள் வரவில்லை. "நீ வேணா எடுத்துக்கினு போ" என்று முதலாளி ஏழுமலைக்குச் சொல்லி அனுப்பினார். புளி இறக்கிவிட்டு வெறுமனே மலைக்குத் திரும்பிய லாரியில் அவன் அதை ஏற்றிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். ஏன் என்று பல வருடம் கழித்து அவனையே கேட்டேன். கலசப்பாக்கம் சந்தைக்கு வந்திருந்தான். "என் வெரலு அதுக்குள்ளதான கீது. வேற எவன் வூட்டுக்குப் போவணும்?" என்று சிரித்தான். என்னாலும் சிரிக்க முடிந்தது. அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

அதைச் சரிசெய்து ஓடவைக்கலாம் என்றேன். "இன்னாத்துக்கு? சாமை மூட்ட வெக்க நல்லாத்தான் கீது" என்றான். நான் விடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் மலை ஏறத் தொடங்கினேன்.

தகரக் கூரை போட்ட அறையில் அது நின்றிருந்தது. மூட்டைகளை இறக்கினால், உள்ளே எலி கடித்த ஒயர்கள், பல்லி முட்டைகள், துருவேறிய இரும்புக் கைகள். மலையின் ஈரம் சர்க்யூட் போர்டில் பச்சையாகப் பூத்திருந்தது. அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தே நான்கு ஞாயிறுகள் போயின. பெல்ட்டுகளை அளவு கொடுத்துத் தருவித்தேன். கூண்டு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் சிறு பாகம் தேய்ந்திருந்ததால், ஓட்டிப் பார்த்தபோது அது நடுக்குவாதம் வந்ததுபோல் ஆடியது. அதையும் மாற்றினேன். மின்னழுத்தம் குறையும் ஊர், ஆகவே அதற்கென்று தனியாக ஒரு ஸ்டெபிலைசர் செய்தேன். பிக்சர் டியூப் மட்டும் எப்படியோ பிழைத்திருந்தது.

ஏழுமலை வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான், உள்ளே கை வைக்க மாட்டான். அந்த வீட்டில் ஃப்யூஸ் போனால் அவன் மனைவி சாந்திதான் போடுவாள். பக்கத்தில் யாராவது தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று வந்தால், "எனக்குத் தெரியாதுப்பா, போளூர்ல பாரு" என்று அனுப்பிவிடுவான். தூரத்தில் ஓடும் மோட்டாரின் சத்தத்தை வைத்தே அவனுக்கு நோய் தெரியும் என்பது எனக்குத் தெரியும். விரல் போனதால்தான் விட்டுவிட்டான் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

கடைசியாகக் கதவு ஸ்விட்ச். புதிது வாங்கி, பழைய இடத்திலேயே, பழைய அளவிலேயே பொருத்தினேன். இதில் மட்டும் துளி குறை இருக்கக்கூடாது என்று எனக்கு ஒரு வெறி. கதவைத் தூக்கினால் பச்சை அணைந்தது, மூடினால் எரிந்தது. இருபது முறை செய்து பார்த்து நோட்டில் குறித்தேன்.

ஏழுமலை எழுந்து வந்தான். "தள்ளு, நான் ஒரு தபா பாக்கறேன்."

மெயினை அணைத்துவிட்டு, அன்று படுத்ததுபோலவே தரையில் படுத்தான். கையை உள்ளே விட்டான். இடது கையால் முட்டுக் கம்பியைத் தட்டிவிட்டான், கதவு அவன் தோள்மேல் விழுந்தது. "சாந்தி, மெயின போடு."

"வேணாம்" என்றேன்.

"மோட்டாரு பெல்ட்ட கழட்டித்தான வெச்சிருக்க. போடு சாந்தி."

போட்டாள். பச்சை எரியவில்லை. தோள்மேல் கிடந்த கதவுக்கும் ஸ்விட்சுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. அவன் அசைந்து பார்த்தான், தோளைத் தாழ்த்திப் பார்த்தான். ஒரு கை உள்ளே இருக்கும்வரை அந்தக் கதவு ஸ்விட்சைத் தொடவே முடியாது. முதலாளி சொன்ன நாளில் யாரும் கையை உள்ளே வைத்துப் பார்க்கவில்லை. யார் வைப்பார்கள்?

"விளக்கு எரியுதா?" என்று கீழே இருந்து கேட்டான்.

"இல்லீங்க" என்றாள் சாந்தி.

அவன் கையை உருவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "கை உள்ள இருந்தா கதவு மூடல. கதவு மூடலன்னா கரண்டு இல்ல. அப்பறம் அன்னிக்கு எப்டிப்பா ஓடுச்சி?"

பழைய ஸ்விட்ச் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. "நான் ஸ்விட்ச ஷார்ட் பண்ணி வெச்சிருந்தேன். உன்கிட்ட சொல்லல" என்றேன்.

"கம்பிய எப்ப எடுத்த?"

"அன்னிக்கே. நீ ஆஸ்பத்திரில இருந்தப்போ."

அவன் தலையை ஆட்டினான், ஏதோ கணக்கு சரியாக வந்ததுபோல. சாந்திதான் பேசினாள். கோபமாக அல்ல, ஒரு தகவல் சொல்வதுபோல. "எங்க பாப்பா பொறந்தப்போ இவரு தூக்கவே மாட்டேன்னாருண்ணா. கவனமில்லாத கை, கீழ போட்டுருவேன்னாரு. ஒரு வருசம் தூக்கல."

"அத ஏன் இப்ப சொல்ற, வுடு" என்றான் ஏழுமலை. பிறகு என்னைப் பார்த்தான். "வெரலு போனதுக்கு நான் ஒன்னியும் கேக்கல. தெரியாம ஆயிடுச்சி. கம்பிய எடுத்த பாரு, அது தெரிஞ்சி பண்ணது. இந்தக் கைய நானே நம்பாம கெடந்தனே இத்தினி வருசம், அதுக்கு இன்னா பண்ணுவ நீ?"

அவன் எழுந்து மெயினை அணைத்துவிட்டு வெளியே போனான்.

பெல்ட்டுகளை அடுத்த முறை நான் தனியாகத்தான் மாட்டினேன். இயந்திரம் நன்றாக ஓடுகிறது. வளைவில் சாய்கிறது, பள்ளத்தில் குலுங்குகிறது. யாரும் அதில் உட்கார்வதில்லை. ஓட்டாமல் விட்டால் மறுபடி ஈரம் பிடிக்கும் என்பதால், ஏறிப் போய் அரைமணி நேரம் வெறுங்கூண்டை ஆட்டிவிட்டு வருகிறேன். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சாவியைச் சாந்தி தருகிறாள், டீயும் தருகிறாள். ஏழுமலை வீட்டில் இருப்பதில்லை.

"ரிப்பேர் வேலைக்குப் போய்க்கீறாருண்ணா" என்றாள் போன ஞாயிறு. "இப்பல்லாம் அதே வேலதான். எடது கையில புடிக்கப் பழகிக்கினாரு. நேத்துகூட நாலு வூட்டு மோட்டாரு."

வேலை முடித்து, பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். கீழே கொல்லையில் ஒரு மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "வந்துச்சிப்பா ஏழுமல" என்றார் யாரோ. கிணற்றடியில் அவன் தெரிந்தான். வேலூரில் ஒரு மோட்டார் இப்படிப் பிடித்துக்கொண்டால் கூட்டத்துக்கு நடுவிலும் என்னைத் தேடித் திரும்பிப் பார்ப்பான், எழுதிக்கோ என்பதுபோல. இப்போதும் திரும்பினான். ரோட்டில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று பார்த்தான். பார்த்துவிட்டு, ஸ்பேனரைத் துடைக்கக் குனிந்துகொண்டான்.