மெல்போர்னுக்குப் போன ஒரு படி சாமை

“அத்தா, இவரு வேலை செஞ்ச ஓட்டல் கொரோனாவுக்கு மூடுனது மறுபடி திறக்கல. இப்பக் கிளம்பி வந்தா எங்க விசாவுக்குத் திரும்ப உள்ள விட மாட்டாங்களாம். வரவா, இருக்கவா? நீங்க சொல்லுங்க.”

மெல்போர்னிலிருந்து சபீனா அனுப்பிய இந்தச் செய்தியின் தேதி 2 டிசம்பர் 2020. அவள் தந்தை கமால் பாய் கள்ளக்குறிச்சியில் மளிகைக்கடைக்காரர். மூன்று நாளாகியும் பதில் போடவில்லை. மகள் கர்ப்பமாயிருந்தாள். பிரசவத்துக்குப் போவதற்காக அவர் மனைவி எடுத்த பாஸ்போர்ட், அந்நாட்டு எல்லை மூடியிருந்ததால், அலமாரியில் கிடந்தது.

டிசம்பர் 5, காலை ஏழு மணி. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் பேருந்து வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. சாமை வாங்க வெள்ளிமலைக்குப் போகும் பாயின் ஜீப்பில், அங்கே வேலை இருந்த நானும் ஏறிக்கொண்டேன். கச்சிராயபாளையத்தில் டீ பத்து ரூபாய். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக் குடித்தோம்.

“‘வா’ன்னு ஒரு வார்த்தை போட்டா கண்ணால பாத்துடலாம் சார். அதுக்கப்பறம் அதுங்க பொழப்பு?” என்றார் பாய்.

மலைப்பாதையில் ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. சிக்னல் போயிற்று. பாய் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அவர் தோள்கள் சற்றுத் தளர்ந்தன.

வெள்ளிமலையில் அவருக்குப் பல வருடமாகச் சாமை கொடுப்பவர் பாஞ்சாலை அம்மாள்.

“இன்னா பாய், மூஞ்சி மழைல நனைஞ்ச மூட்டை மாரி கீது?”

“பொண்ணு அங்க கஷ்டப்பட்டுகினு கீதும்மா. வரவான்னு என்னியக் கேக்குது.”

“வர்றதுன்னா கேக்காமயே வந்திருக்குமே. இருக்கறதுக்குத்தான் உங்க வாயால ஒரு சொல்லு கேக்குது.”

உள்ளே போய், ஒரு படி சாமையைத் துணியில் முடிந்து எடுத்துவந்தார். “எங்க வூட்டுல யாரு புது வூடு போனாலும் பழைய கொல்லையில வெளஞ்சதத்தான் மொதல்ல பொங்குவோம். அனுப்புங்க. காசு வேணா.”

“ஏரோப்ளேனே சரியா இல்ல, எதுல அனுப்ப?”

“ஊருக்கெல்லாம் மூட்டை அனுப்பறீங்க, ஒரு முடிச்சு அனுப்பத் தெரியாதா?”

பாய் சிரித்தார். அன்று முதல் தடவையாக.

பிற்பகல் மூன்று மணிக்கு அடிவாரம். சிக்னல் வந்ததும் ஜீப்பை ஓரங்கட்டி மகளை அழைத்தார். மெல்போர்னில் இரவு எட்டரை. “அங்கியே இரும்மா. சாமை அனுப்பறேன்” என்றார். கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஜீப்பை எடுக்க நேரமாயிற்று.

ஜனவரியில் பொட்டலம் கூரியரில் போனது. வெளியிலிருந்து வரும் தானியத்தை அந்நாட்டில் சோதித்து அழித்துவிடுவதுண்டு என்று பிறகு படித்தேன். சாமை வந்தது, பொங்கினேன் என்று சபீனா சொன்னதாகப் பாய் சொல்கிறார். சமைத்ததையெல்லாம் படமெடுத்து அனுப்புகிற பெண், இதற்கு மட்டும் படம் அனுப்பவில்லை. அது போய்ச் சேர்ந்ததா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.