நாலு குடத்துக் கிணறு

கப்பி கிறீச்சிடும் சத்தம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. பிறகு வாளி தண்ணீரில் விழுகிற சத்தம்... நனைந்த தும்புக் கயிற்றின் மணம்...

புங்குடுதீவு இறுப்பிட்டியில் எனக்கு முதல் நியமனம். சொந்த ஊர் வேலணை என்பதால் தினமும் பஸ்ஸில் பாலம் கடந்து போய்வருவேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டு வளவில்தான் அந்தக் கிணறு. வளவுக்காரர் எல்லோரும் வெளிநாட்டில். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் அது ஒன்றில்தான் இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டவர் பரமேஸ் அக்கா. அவரை யாரும் நியமிக்கவில்லை, சம்பளமும் இல்லை. சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போகும்போது கணவரோடு போனவர், திரும்பும்போது தனியாக வந்தார். வந்ததும் தன் வீட்டைக்கூடக் கூட்டவில்லையாம், பற்றை மூடிக்கிடந்த இந்தக் கிணற்றைத்தான் துப்புரவாக்கினாராம்.

வீட்டுக்கு நாலு குடம். ஒரே நேரத்தில் இரண்டு வாளி விடக்கூடாது. மத்தியானம் ஆனால் கப்பியில் இருந்து கயிற்றைக் கழற்றிச் சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அதன்பிறகு கவர்னரே வந்தாலும் தண்ணீர் இல்லை! “கிணறு ஊறவேணும்” என்பார்.

ஊரை அதிகாரம் பண்ணும் விதானையாரைப்போல, அவருக்கும் ‘கிணத்து விதானையார்’ என்று பட்டப்பெயர். நானும் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கடைசி வாளி மட்டும் எந்த வீட்டுக்கும் போகாது. பக்கத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி. ஊரைவிட்டுப் போனவர்கள் அவிழ்த்துவிட்ட மாடுகள் அங்கே வந்து குடிக்கும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஏதாவது செய்யவேண்டும் என்று கையும் காலும் துறுதுறுத்த வயது. இலண்டனில் இருந்த சிநேகிதிகளுக்கு எழுதினேன். மோட்டர், தாங்கி, பைப் எல்லாம் வந்து இறங்கின. பெண்கள் இனிக் கயிறு இழுக்கத் தேவையில்லை என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோஷத்தில் கால் நிலத்தில் படவில்லை.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் அக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

“ரீச்சர், உது வேண்டாம். மேலை நிக்கிறதுதான் நல்ல தண்ணி. கீழை முழுக்க உப்பு. மோட்டர் உறிஞ்சினா உப்பு மேலை வந்திடும்.”

எல்லா ஆசிரியர்களும் இருந்தார்கள். நான் பகிடியாகத்தான் கேட்டேன்...

“ஏன் அக்கா, உங்கடை வேலை போயிடுமெண்டு பயமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. திரும்பிப் போனார்.

வாழைமரம் கட்டி, தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்து இலண்டனுக்கு அனுப்பினேன். தைப்பொங்கல் முடிந்த கையோடு நடந்தது அது. சித்திரை வெயில் ஏறும்போது பள்ளிக்கூடத்தில் பால்தேத்தண்ணி திரைந்தது. பால்காரரை ஏசினோம். பாலை மாற்றினோம். மறுநாளும் திரைந்தது. மூன்றாம் நாள்தான் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன்.

உப்பு.

ஓடிப்போனேன். அக்கா தொட்டியடியில் நின்றார். ஒரு சிவப்புப் பசு தண்ணீரை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அக்காவின் கண்ணில் அன்றுதான் நீரைக் கண்டேன்.

“மனுசருக்குப் பவுசர் லொறியிலை தண்ணி வரும், ரீச்சர்... உதுகளுக்கு ஆர் கொண்டுவருவினம்?”



மோட்டரைக் கழற்றினோம். “இனி மழைதான் திருப்பித் தரவேணும்” என்றார் அக்கா. கிணற்றுக்கு மேற்கே தூர்ந்துபோன சின்னக் குளம் ஒன்று இருந்தது. பெய்கிற மழையெல்லாம் அதில் நிற்காமல் வாய்க்கால் வழியே கடலுக்கு ஓடிவிடும். அடுத்த ஆடியில் இரண்டு பேரும் மண்வெட்டியோடு இறங்கினோம். தூர் எடுத்து, வாய்க்காலுக்குக் குறுக்கே மண்ணால் அணை கட்டினோம். கை கொப்பளித்தது. பிறகு பிள்ளைகளின் தாய்மார் வந்தார்கள். ஒவ்வோர் ஆடியும் இதுவே எங்கள் வேலையாகிப்போனது. பட்டணத்துக்கு மாற்றம் வந்தது, வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன்.

அத்தனை வருஷத்திலும் அக்கா அந்தப் பகிடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று...

யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது என் கையைப் பிடித்தார்.

“கிணறு எப்பிடி, ரீச்சர்?”

“இப்ப பரவாயில்லை, அக்கா. நல்ல தண்ணிதான்.”

“மாடு குடிக்குதோ?”

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவர் என் கையை விடவில்லை. நாலாம் நாள் போய்விட்டார். கிணறு அப்போதும் உப்புத்தான், அந்த நல்ல தண்ணீரை மறுபடி குடிக்காமலே போனார்.

போன மாரிக்கு நல்ல மழை. குளம் தளம்பத் தளம்ப நின்றது. மழை விட்டு ஒரு மாதம் இருக்கும், வழக்கம்போல ஒரு வாளி அள்ளித் தொட்டியில் ஊற்றினேன். ஒரு நாம்பன் மாடு வந்து மணந்தது... மணந்தது... பிறகு தலையைத் தாழ்த்தி அடிவரைக்கும் உறிஞ்சியது. நான் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து விக்கி விக்கி அழுதேன். சொல்ல ஓடுவதற்கு ஆள் இல்லையே!

அக்காவின் காலத்தில் விடியவே குடங்கள் வரிசையில் நிற்கும், சண்டை நடக்கும். இப்போது பாதி வீடுகள் பூட்டுப் போட்டுக் கிடக்கின்றன. இருக்கிறவர்களும் போத்தல் தண்ணீர் வாங்குகிறார்கள். ஏழெட்டுக் குடம்தான் வருகிறது. நான் பென்ஷன் எடுத்துவிட்டேன். ஆனாலும் காலை பஸ்ஸில் வந்துவிடுவேன். வீட்டுக்கு நாலு குடம்தான், ஒரு வாளிதான்.

போன கிழமை கனடாவில் இருந்து ஒரு தம்பி வந்தார், வளவுக்காரரின் மகன். நல்ல பிள்ளை. நான் கயிறு இழுப்பதைப் பார்த்து அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

“ஏன் ரீச்சர் இந்த வயசிலை கஷ்டப்படுறியள்? நான் ஒரு மோட்டர் போட்டுத் தாறன்.”

வேண்டாம் தம்பி என்றேன். அவர் பகிடியாகத்தான் கேட்டார்...

“ஏன் ரீச்சர், உங்கடை வேலை போயிடுமெண்டு பயமோ?”



“ஓம் தம்பி... பயம்தான்.”

மத்தியானம் ஆகியிருந்தது. கப்பியில் இருந்து கயிற்றைக் கழற்றிச் சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டேன்.