சங்கு கேட்காத லயம்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கைபேசிக் கோபுரத்துக்கு இடம் பார்க்கப் போயிருந்தோம். எங்கள் கைபேசிக் கம்பனியின் பதுளை அலுவலகத்தில் நான்தான் மேனேஜர். பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரை படித்துவிட்டுக் கேபிள் இழுக்க வந்தவன். கூட்டங்களில் இன்றும் எனக்கு வாய் வராது.

தலைமை அலுவலகம் வரைபடத்தில் மலையுச்சியைக் குறித்திருந்தது. அன்று மாலைக்குள் நான் சரி என்றால் வேலை தொடங்கிவிடும்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா கூடையோடு வந்து நின்றார்.

"உச்சியிலயா வைக்கப் போறீங்க சார்? அங்க வச்சா எங்க கீழ் லயத்து வீடுகளுக்கு சிக்னல் வராதுங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"முன்ன காலையில வேலைக்கு ஆள் கூப்புட ஊதுற பெரட்டுச் சங்கு அங்கதான் இருந்துச்சு. தோட்டத்துக்கே கேக்கும், எங்களுக்கு மட்டும் கேக்காது. லேட்டாப் போயி ஏச்சு வாங்குனதுதான் மிச்சம். பொறகு கீழ சரிவுல தெரியுதே, அந்தப் பாறைக்கு மாத்துனாங்க. காது கிழிஞ்சுச்சு!"

பக்கத்து நிரையிலிருந்து இன்னொரு பெண் சிரித்தார். "இவ மக குவைத்துல இருக்கா சார். அவகூடப் பேச உச்சிக்கு ஏறுவா. மக அம்மான்னு கூப்புட்டா, இவளுக்கு மூச்சு வாங்கவே நேரம் சரியாப் போயிரும்."

"போடி, ஒனக்கு மட்டும் எறக்கையா மொளைச்சிருக்கு?"

சங்கு வேறு, சிக்னல் வேறு என்று சொல்ல வந்தேன். சொல்வதைவிடச் சோதித்தே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சோதனைக்கான சிறிய கோபுரம் பூட்டிய வண்டி எங்களிடம் இருந்தது. அதை உச்சியில் நிறுத்திவிட்டு, வேலை முடிந்த பெண்களோடு கீழ் லயத்துக்கு நடந்தோம். கையிலிருந்த அளவுக் கருவியில் சிக்னல் ஒன்றுமே இல்லை. வரைபடத்தில் தெரியாத ஒரு மேடு நடுவில் நின்று மறைத்தது.

ஆளனுப்பி வண்டியைப் பாறையடிக்கு இறக்கச் சொன்னேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு வீட்டுக்குள் டிங் என்றது. அடுத்த வீட்டில் இன்னொன்று. பிறகு லயம் முழுக்க, அலமாரியிலும் சாமி படத்தடியிலும் கிடந்த போன்களெல்லாம், தேங்கிக் கிடந்த செய்திகளை ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டு கத்தின. இத்தனை வருஷம் நான் கருவி வைத்துத் தேடியதை, இவர்கள் காதாலேயே அளந்து வைத்திருக்கிறார்கள்.

தலைமை அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன்.

"உச்சி சரிவராது சார். பாறைதான்."

"யார் சொன்னது?"

"கொழுந்து பறிக்கிறவங்க."

போனை லயத்தின் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

"அது என்ன சத்தம்?"

"கீழ் லயம் சார்."

அதைக் கேட்டவர், "அளவெல்லாம் அனுப்புங்க. பாறையிலேயே போடுவோம்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, குவைத்து நம்பரை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தார்.