மூன்றாவது கியர்

எனக்குப் பத்து வயது நடந்தபோது அப்பா ஒரு பழைய வெள்ளைக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் எங்கள் வீடு. மலைப்பாதையில் பதினெட்டு வருடம் ஓட்டிய கை என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வார். வளைவில் பிரேக்கை மிதிப்பவன் டிரைவரே இல்லை, கியரில் வண்டியைப் பிடிக்கத் தெரிய வேண்டும் என்பார். கோயிலில் கேட்ட பிரசங்கத்தைவிட இதைத்தான் நான் அதிகம் கேட்டிருப்பேன்.

அன்று போடியில் அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம். அம்மா பலகாரக் கூடையோடு முன்சீட்டில். நான் பின்சீட்டின் நடுவில், இரண்டு சீட்டுகளுக்கும் இடையே தலையை நீட்டிக்கொண்டு. மெட்டைத் தாண்டி இறங்கும்போது கொஞ்சம் நேரான பாதையில் வண்டி வேகமெடுத்திருந்தது. அடுத்த வளைவு வருமுன் அப்பா கியரை மாற்றினார். அவ்வளவுதான், இன்ஜின் அலறியது. அப்படியொரு சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் வண்டி குலுங்க, என் நெற்றி முன்சீட்டில் மோதியது. முறுக்கெல்லாம் அம்மாவின் காலடியில் சிதறியது. அப்பா பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினார். அதை யாரும் அவரிடம் சொல்லிக்காட்டவில்லை.

மறுபடி ஸ்டார்ட் செய்தபோது இன்ஜின் நடுநடுங்கிவிட்டு அணைந்தது. தெரிந்த ஜீப் ஒன்று கயிறு கட்டி எங்களைப் போடி வரைக்கும் இறக்கியது.

ஒர்க்‌ஷாப் மெக்கானிக் அப்பாவின் சிநேகிதர். ஆயில் குறைந்திருக்கும், நேரத்துக்கு மாற்றவில்லை என்று அப்பா தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். ஆயில் சரியாகவே இருந்தது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்தத் துளைகளில் ஒவ்வொன்றாக அழுத்தம் பார்க்கும் மீட்டரைச் செருகினார் மெக்கானிக். இரண்டில் முள் எழுந்தது. மற்ற இரண்டில் அசையவே இல்லை. இன்ஜினுக்குள் ஓடும் பெல்ட் அறுந்தால் இப்படி ஆகும் என்று அதன் மூடியைத் திறந்து பார்த்தார். பெல்ட் முழுசாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் இன்ஜினின் மேல்பாகத்தையே கழற்றிவிட்டார். நாங்கள் நிச்சயத்தை மறந்து அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் ஒரு வால்வை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிக் காட்டினார். அதன் தண்டு வளைந்திருந்தது. பிஸ்டன் தலையில் பிறை பிறையாக அடிபட்ட தழும்பு. போன வேகத்துக்குப் பொருந்தாத சின்னக் கியர் விழுந்தால், சக்கரமே இன்ஜினை அதன் சக்திக்கு மீறிச் சுற்றிவிடும், வால்வு மூட நேரமில்லாமல் பிஸ்டனில் அடிபடும் என்றார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"அண்ணே, எந்தக் கியரு போட்டீங்க?"

"மூணு."

"மூணுன்னா இப்படி ஆகாதுண்ணே. ஒண்ணு விழுந்திருக்கு."

"மாதா சத்தியமா மூணுதான் போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாதாவின் பேரில் விளையாட்டுக்குச் சத்தியம் செய்ததற்காக என் வாயில் அடித்தவர் அவர். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? மூன்றாவது கியருக்குப் போவதுபோல் அவர் கை நேராக மேலே போகவில்லை. அம்மா இருந்த பக்கமாக, முதல் கியர் இருக்கும் இடத்துக்குச் சரிந்துபோய்த்தான் தள்ளியது. பொய்ச் சத்தியத்துக்கு நரகம் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

"இல்லப்பா, கை அந்தப் பக்கம் சாஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதில் கோபமே இல்லை. மெக்கானிக் வால்வைக் கீழே வைத்தார். அப்பாவை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். சிரித்துக்கொண்டே நீட்டினார் அப்பா. சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை அப்படியே நின்றது. இடது கை மெல்ல மெல்ல இறங்கியது. அது இறங்குவது அவருக்குத் தெரியவில்லை.

"மதினி, நேரத்தக் கடத்தாதீங்க. எங்கய்யாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வண்டி எங்கயும் போகாது."

அம்மா அப்பாவின் இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். பொய்ச் சத்தியம் செய்த ஆளை இழுத்துக்கொண்டு போகிறார் என்றுதான் நான் எண்ணினேன்.

தலைக்குள் ஒரு நரம்பில் ரத்தம் கட்டியிருப்பதாக டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். பக்கவாதம் பெரிதாக வருமுன் மருந்து கொடுத்தார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். பிறகு ஏலக்காய் ஸ்டோரில் எடை போடும் வேலைக்குப் போனார். ஸ்டியரிங்கை அவர் மறுபடி தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"நீ நெசமாவே பாத்தியா பாப்பா? கை அந்தப் பக்கமா போச்சு?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பொய் பிடிபட்டுவிட்ட வெட்கத்தில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவருக்காக மூன்று முறை ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொன்னேன்.