அடித்த வரி

போன வாரம் விருத்தாசலம் ஜங்ஷனில் எனக்கு ஒரு நன்றி கிடைத்தது. எனக்குச் சேராத நன்றி.

மங்கை ரயிலில் உட்கார்ந்திருந்தாள். என்னோடு பி.எஸ்சி. கணிதம் படித்தவள், இப்போது கல்லூரிப் பேராசிரியை. நல்ல கைத்தறிப் புடவை, மடியில் தோல் பை. இரண்டையும் பார்த்தேன்... பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அவள் மகள், பத்து வயதிருக்கும்.

"இந்த அத்தைதான்டி அன்னைக்கு என் அப்ளிகேஷனப் பார்த்துக் கொடுத்தாங்க. இவங்க இல்லன்னா எனக்கு சீட்டே இல்ல!"

நான் சிரித்தேன். வேறென்ன செய்வது?

நடந்தது இதுதான். நாங்கள் இருவரும் தினம் கடலூர் ரயிலில் போய்வந்து பட்டம் வாங்கியவர்கள். என் அப்பா ரயில்வே குமாஸ்தா. அவள் அப்பா பீங்கான் தொழிற்சாலையில் சூளை மேஸ்திரி. மார்க்கில் நான் அவளைவிட ஒரு படி மேல். இருவரும் எம்.எஸ்சி. புள்ளியியலுக்கு விண்ணப்பித்தோம். மணியார்டர் அனுப்பி, ஆளுக்கொரு ஃபாரம் வரவழைத்தோம். கெட்டுப்போனால் வேறு வாங்க நாள் இல்லை.

பூர்த்தி செய்த ஃபாரத்தோடு மங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"வசந்தா, ஒருவாட்டி பாத்துக் குடுடி. இது கெடைக்கலன்னா திட்டக்குடி மாப்பிள்ளைக்குத் தலையாட்டச் சொல்லிட்டாங்க எங்க வூட்டுல."

'பிற விவரங்கள்' என்ற கட்டம் வரை நிதானமாகத்தான் படித்தேன். என் ஃபாரத்தில் அதே கட்டத்தில் நான் எழுதியிருந்தது: பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு, கோலப் போட்டியில் முதல் பரிசு. அவள் எழுதியிருந்தது: 'இரண்டு கோடை விடுமுறைகளில், சூளையிலிருந்து இறக்கிய ஜாடிகளில் எந்த அடுக்கில் எத்தனை வெடித்தன என்று எண்ணிக் குறித்து வந்தேன். கதவோரத்து அடுக்கில்தான் சேதம் அதிகம்.'

வயிறு எரிந்தது. புள்ளியியல் படிக்கப் போகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றினாலும் என் அப்பா என்ன சூளையிலா வேலை பார்க்கிறார்?

"இதெல்லாம் எதுக்குடி எழுதின? கூலி வேல செஞ்ச பொண்ணுன்னு நெனப்பாங்க."

அவள் முகம் சுருங்கியது. "அப்படியா சொல்ற? அழிச்சுடட்டுமா?"

"அழிச்சா தாள் கிழியும். ஸ்கேல் வெச்சு ஒரு கோடு போட்டு அடிச்சுடு."

அடித்தாள். எங்கள் ஊர் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பத்திரம் எழுதும் மாமா ஒருவர் அவளுக்கு உண்டு. அவரிடம் கற்ற பழக்கம் — அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வரிக்கு ஒன்றாக மூன்று கையெழுத்து, முத்து முத்தாக. நான் தடுக்கவில்லை. கட்டம் இன்னும் அசிங்கமாகிறதே என்று உள்ளுக்குள் திருப்தி.

இன்டர்வியூவில் என்னை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். "கோலத்தில் பரிசா? சந்தோஷம்" என்றார் ஒருவர்.

மங்கை உள்ளே போனாள். வரவேயில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி கழித்து ஓடி வந்தாள்.

"ஏய், அடிச்சதத்தான்டி கேட்டாங்க! எதையம்மா இவ்ளோ பொறுப்பா கையெழுத்துப் போட்டு அடிச்சிருக்கேன்னு கண்ணாடியத் தூக்கிவுட்டுப் படிச்சாங்க. அப்புறம் சூளையப் படம் போடச் சொன்னாங்க... நான் ஒரே பேச்சு!"

அவளுக்குச் சீட்டு. எனக்குக் காத்திருப்போர் பட்டியல். அந்தப் பட்டியல் நகரவில்லை. திட்டக்குடி மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டார். நான் பத்திரிகை வேலைக்கு வந்தேன்; வாரம் ஒரு பத்தியும் எழுதுகிறேன்.

இங்கே வந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. மேஜையில் ஒரு கட்டுரை வந்து விழுந்தால் என் கண் முதலில் போவது எங்கே தெரியுமா? அடித்த வரிக்குத்தான். மற்றதெல்லாம் நமக்காக எழுதியது. அடித்ததில்தான் ஆள் இருக்கிறார்.

ஜங்ஷனில் ரயில் கிளம்ப இன்னும் சில நிமிடம் இருந்தது. உண்மையைச் சொல்ல அது போதும். "நல்லாப் படிக்கணும், என்ன?" என்று அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வண்டி நகரும்போது மங்கை கத்தினாள்: "உன் பத்திய வாரா வாரம் படிக்கிறேன்டி!"

இந்த வாரப் பத்தியையும் படிக்கட்டும். நன்றியை இதோ திருப்பி அனுப்பிவிட்டேன், மங்கை — பொறாமையை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன்.